பார்வை குன்றிய பிள்ளைகளும் விளையாட்டுத் திடலும்



சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்னும் பழமொழியை, இல்ல விளையாட்டுப் போட்டியன்று தலைமையாசிரியர்கள் எடுத்துக் கூறுவது தமிழ்ப்பள்ளிகளின் வழக்கம். உடல் நலமின்றிக் கல்வி நிலைக்காது என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். எனினும், அவ்வுரையைக் கேட்டுக்கொண்டே திடலோரத்து மரநிழலில், மற்றப் பிள்ளைகளின் காலணிகளுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் காவலாக அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்றும் சில பள்ளிகளில் உண்டு. அப்பிள்ளைக்குக் கண்பார்வை குறைவு. "அவனுக்கு விளையாட்டில் நாட்டமில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். நாட்டம் இல்லையா, அன்றி நாட்டம் பிறப்பதற்கு நாம் வழி செய்யவில்லையா என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

விருப்பம் எங்கே பிறக்கிறது?

தொட்டிலில் கிடக்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். கிலுகிலுப்பை ஒன்று கண்ணில் பட்டவுடன் அது கை நீட்டுகிறது. எட்டவில்லையெனில் உடலைத் திருப்புகிறது. பின்னர்த் தவழ்ந்து செல்கிறது. கண் ஒரு பொருளைக் காட்டுகிறது. அப்பொருளின்மேல் கொண்ட ஆசை உடலை இழுத்துச் செல்கிறது. ஓடு என்றும் எழு என்றும் அக்குழந்தைக்கு யாரும் அறிவுரை கூறுவதில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைக்கு இவ்வழைப்பு இல்லை. அமெரிக்க உளவியலறிஞர் செல்மா ஃபிரைபர்க் என்னும் அம்மையார், பார்வையற்ற குழந்தைகளைப் பல்லாண்டு உற்றுநோக்கி, 1977ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஒலியை மட்டும் கேட்டு, "அவ்விடத்தில் ஒரு பொருள் இருக்கிறது" என உணர்ந்து கை நீட்டும் ஆற்றல், அக்குழந்தைகளுக்கு முதலாண்டின் பிற்பகுதியிலேதான் கைகூடுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். கைகால்கள் தவழ்வதற்கு ஆயத்தமாக இருந்தும், ஒலியை நோக்கிக் கை நீட்டக் கற்கும்வரை அவர்கள் தவழவில்லை. ஒலியையும் தொடுதலையும் கொண்டு பெற்றோர் பழக்கியபொழுது அவர்களும் நகரத் தொடங்கினர்.

இதனின்று நாம் அறியத்தக்க உண்மை ஒன்றுண்டு. போய்ச் சேருவதற்கு ஓர் இலக்கு வேண்டும். அவ்விலக்குப் பிள்ளையின் புலனுக்கு எட்ட வேண்டும். தொட்டிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை பள்ளித் திடலுக்கும் பொருந்தும். கண்ணுள்ள பிள்ளைக்குத் திடல் முழுவதும் அழைப்பாக இருக்கிறது. பந்து அழைக்கிறது, கோல்கம்பம் அழைக்கிறது, ஓடும் தோழன் அழைக்கிறான். பார்வை குன்றிய பிள்ளைக்கோ அது எங்கிருந்தோ கூச்சல் எழும் வெறும் வெளி. அங்கே ஓடு என்று அறிவுரை கூறுவதால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் கூறும் பாடம்

விளையாடாவிட்டால்தான் என்ன, நன்றாகப் படித்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். அவர்கள் கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு மாலைப்பொழுது நடந்து பார்த்தல் நலம். 1951ஆம் ஆண்டு தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் உள்ளது. அச்சங்கம் 1953ஆம் ஆண்டு தொடங்கிய கர்னி பயிற்சி நிலையம், பார்வையற்றோர் பலருக்குத் தொழிலும் தன்னம்பிக்கையும் அளித்தது. இன்றும் அவ்வட்டாரத்தில் பார்வையற்றோர் பலர் வெண்கோலை ஏந்தி, நடைபாதையில் பதித்த மேடுள்ள மஞ்சள் கற்களைக் காலால் உணர்ந்து, வேலைக்கும் கடைக்கும் இரயில் நிலையத்திற்கும் செல்வதைக் காணலாம். உடம்புபிடி நிலையங்களில் பணிபுரிவோரும் அவர்களுள் உளர்.

வெண்கோலுடன் நடப்பது எளிய செயலன்று. தலை நிமிர்ந்திருக்க வேண்டும். கால்கள் சீராக எட்டு வைக்க வேண்டும். கை இடமும் வலமும் ஓயாது வீச வேண்டும். காது வாகனத்தின் திசையை அளந்துகொண்டே இருக்க வேண்டும். படிக்கட்டு வந்தால் உடல் சமநிலை குலையாதிருக்க வேண்டும். உடம்புபிடித் தொழிலுக்கோ நாள் முழுதும் நின்று உழைக்கும் கால்வலிவும் கைவலிவும் வேண்டும். இவையாவும் இருபதாம் வயதில் திடீரென வந்து வாய்ப்பன அல்ல. ஏழு வயதில் ஓடியும், எட்டு வயதில் குதித்தும், ஒன்பது வயதில் விழுந்து எழுந்தும் பெறும் செல்வங்கள் அவை. மரநிழலில் அமர்ந்து கழியும் ஒவ்வோர் உடற்கல்விப் பாடவேளையும், அப்பிள்ளை பின்னாளில் தனித்து நடக்கவேண்டிய சாலையில் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறது எனின் மிகையாகாது.

5 முதல் 17 வயதுடைய பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்கும்படி செயற்பட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் அதே அளவையே அது வகுத்தது. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குரிய இடத்தை ஏற்றுக்கொள்கிறது. 2011ஆம் ஆண்டு கல்வி அமைச்சு தொடங்கிய "ஒரு மாணவர், ஒரு விளையாட்டு" என்னும் கொள்கையிலும் "ஒரு மாணவர்" என்பதனுள் இப்பிள்ளையும் அடக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

அன்பு தடையாகும் இடம்

பார்வை குன்றிய பிள்ளையைத் திடலிலிருந்து விலக்குவோர் கொடியவர் அல்லர், பெரும்பாலும் அன்புடையோரே. விழுந்துவிடுவானே என்று தாய் அஞ்சுகிறாள். அடிபட்டால் யார் பொறுப்பு என்று ஆசிரியர் கலங்குகிறார். நெரிசலான அடுக்குமாடி வீட்டில் வாழும் பாட்டி, "நீ உட்கார் கண்ணு, நான் எடுத்து வருகிறேன்" என்று தண்ணீர்க் குவளையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். இவ்வாறு நாள்தோறும் பத்துப் பேர் பத்துச் சிறு வேலைகளைத் தாமே செய்து முடிப்பதனால், "என்னால் இயலாது" என்னும் எண்ணம் பிள்ளையின் உள்ளத்தில் மெல்ல வேரூன்றுகிறது. பின்னர் நாம் விளையாட அழைக்கும்பொழுது பிள்ளையே மறுக்கிறது. அம்மறுப்பைப் பிறவிக் குணம் என்று நாம் கருதிவிடுகிறோம்.

முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும். என்னால் இயலாது என்னும் எண்ணம் ஆறுவதற்குப் பல்லாண்டு ஆகும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்குமாறு பெற்றோரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

எனினும் மருத்துவர் கருத்தைக் கேட்டறிதல் இன்றியமையாதது. கடுமையான கிட்டப்பார்வை உடைய பிள்ளைகள் சிலருக்கு, தலையில் பலத்த அடி பட்டால் விழித்திரை விலகும் அபாயம் உண்டு. அவர்கள் தலையால் பந்தை முட்டுவதையும் மோதும் ஆட்டங்களையும் தவிர்க்க நேரலாம். வெண்தோல் நிலையுள்ள பிள்ளைகளுக்கு வெயிலின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். அகன்ற தொப்பியும் காலை வேளையும் அவர்களுக்கு ஏற்றவை. எதைச் செய்யலாகாது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எவற்றையெல்லாம் செய்யலாம் என்றும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குதல் வேண்டும்.

நம் ஆட்டங்களே வழிகாட்டும்

கண்ணை மறைத்து ஆடுவது தமிழருக்குப் புதிதன்று. கண்ணாமூச்சியில் கண்ணைக் கட்டிய பிள்ளை காலடி ஓசையையும் சிரிப்பொலியையும் கொண்டு தோழரைத் தேடுகிறது. பொங்கல் விழாக்களில் உறியடிக்கும் இளைஞர், கண் கட்டப்பட்ட நிலையில், சுற்றி நிற்போரின் குரலைக் கேட்டே பானையை அணுகுகிறார். கும்மியில் கையொலியும் கோலாட்டத்தில் கோலொலியும் கூட்டத்தை ஒன்றாக இயக்குகின்றன. சடுகுடு ஆட்டத்தில் பாடிவருபவர் மூச்சுவிடாமல் பாடுவதனால் அவர் நிற்கும் இடம் காதுக்குத் தெரிகிறது. எதிரணியினர் கைகோத்து நிற்பதால் தோழர் இருக்குமிடம் கைக்குத் தெரிகிறது. எல்லைக் கோட்டின்மேல் தடித்த கயிற்றைப் பதித்து, ஓடாமல் நடந்தே ஆடுவது என்று விதி வகுத்தால், பார்வை குன்றிய பிள்ளையும் சடுகுடுவில் சேர்ந்துகொள்ள இயலும்.

வெளிநாட்டாரும் இவ்வாறே வழி கண்டனர். 1922ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், பார்வையற்ற தொழிற்சாலை ஊழியர்கள் தகர டப்பாவினுள் கற்களை இட்டு அதனையே பந்தாக்கிக் கிரிக்கெட் ஆடினர். அச்சிறு முயற்சி வளர்ந்து, 1998ஆம் ஆண்டு புதுடில்லியில் பார்வையற்றோருக்கான முதல் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியாக மலர்ந்தது. 1946ஆம் ஆண்டு, போரில் கண்ணிழந்த வீரர்களின் மறுவாழ்விற்காக, ஆஸ்திரியரான ஹான்ஸ் லோரென்சனும் ஜெர்மானியரான செப் ரைண்டலும் கோல்பந்து என்னும் ஆட்டத்தை வகுத்தனர். அணிக்கு மூவர்; 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடைய களம்; மணிகள் உள்ள 1.25 கிலோ எடைப் பந்து. கோடுகளின் அடியில் கயிறு இருப்பதால் அவற்றைக் கையாலும் காலாலும் உணரலாம். எல்லாரும் கண்ணை மறைத்தே ஆடுவர். ஆட்டம் நடக்கும்பொழுது பார்வையாளர் அமைதி காப்பர். 1976ஆம் ஆண்டு முதல் பாராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் இவ்வாட்டம், 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஆசியான் பாரா விளையாட்டுப் போட்டியிலும் இடம்பெற்றது.

நம் நாட்டு வீராங்கனை நூர் அஸ்லியா ஷாஃபினாஸ், பார்வை குன்றியவர். இருவர் மிதிக்கும் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னிருக்கையில் பார்வையுள்ள துணைவர் வழிநடத்த, 2021ஆம் ஆண்டு நடைபெற்ற தோக்கியோ பாராலிம்பிக் போட்டியில் அவர் மலேசியாவைப் பிரதிநிதித்தார். வழிகாட்டுபவர் ஒருவராயினும், மிதிக்கும் கால்கள் இருவருடையவை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திடலைக் காதுக்கும் கைக்கும் உரியதாக்குதல்

தோட்டப்பள்ளிகளுக்குப் பெரும்பொருள் இல்லை. இருப்பினும் கீழ்க்காணும் முறைகளுக்குப் பெரும்பொருள் தேவையுமில்லை.

முதலாவது, திடலை அறிமுகம் செய்தல். ஆட்டம் தொடங்குவதற்கு முன், வேறு ஓசை இல்லாத வேளையில், பிள்ளையைத் திடலைச் சுற்றி நடத்திச் செல்க. கோல்கம்பம், கொடிக்கம்பம், கால்வாய், மேடு, பள்ளம் ஆகியவற்றைத் தொட்டும் மிதித்தும் உணரட்டும். சிற்றுண்டிச்சாலையின் ஓசை எப்பக்கம், காலை வெயில் முகத்தில் படும் பக்கம் எது என்பனவற்றையும் குறித்துக்கொள்ளட்டும். இடம் உள்ளத்தில் பதிந்தபின் அச்சம் பாதி விலகும்.

இரண்டாவது, பந்துக்குக் குரல் கொடுத்தல். மணி வைத்த பந்து கிடைக்காவிடில், சாதாரணப் பந்தை நெகிழிப் பைக்குள் இட்டுக் கட்டினால் உருளும்பொழுது சலசலக்கும். மைலோ டப்பாவினுள் கூழாங்கற்களை இட்டு, மூடியைத் துணிப்பட்டையால் இறுகச் சுற்றி உருட்டினால் அதுவும் ஒரு பந்தே. கோலின் பின்னே ஒருவர் நின்று கைதட்டினால் இலக்கும் பேசத் தொடங்கும். ஒரு வேளையில் ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க வேண்டும். எல்லாரும் கூவினால் பிள்ளை திகைக்கும்.

மூன்றாவது, ஓடுவதற்குக் கயிறு. இரு கம்பங்களுக்கிடையே இடுப்பளவு உயரத்தில் கயிற்றைத் தளர்வின்றிக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்துவிடுக. பிள்ளை வளையத்தைப் பற்றிக்கொண்டு ஓடலாம். முடிவுக்குச் சற்று முன்னரே போடும் முடிச்சில் வளையம் தடுபட, நிற்கவேண்டிய இடம் கைக்குத் தெரிந்துவிடும். ஆண்டு 3இல் பயின்ற மாணவன் ஒருவன் முதல் நாள் அக்கயிற்றைப் பிடித்து நடந்தான், சில நாளில் விரைந்து நடந்தான், பின்னர் ஓடினான். இரண்டாம் வாரம் என்னிடம் வந்து, "ஐயா, கயிற்றை இன்னும் கொஞ்சம் நீளமாகக் கட்டலாமா?" என்று கேட்டான். விளையாட்டின் நன்மையைப் பற்றி அவனிடம் யாரும் சொற்பொழிவு ஆற்றியிருக்கவில்லை.

நான்காவது, உடலால் கற்பித்தல். பந்தெறியும் முறையைக் கண்ணால் கண்டு கற்க இயலாத பிள்ளை, எறிபவரின் தோளிலும் முழங்கையிலும் கை வைத்துக் கற்கலாம். பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்துகாட்ட விரும்பினால், "உன் கையைப் பிடிக்கட்டுமா?" என்று கேட்டபின்பே தொடுதல் வேண்டும். "அங்கே", "இப்படி" என்னும் சொற்களால் அவர்களுக்குப் பயனில்லை. "உன் வலப்புறம் மூன்று எட்டு" என்று கூறுக.

ஐந்தாவது, எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தல். பார்வை குன்றியோருள் பெரும்பாலோர்க்கு ஓரளவு பார்வை உண்டு. பச்சைப் புல்லின்மேல் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறப் பந்து அவர்களுக்குத் தெளிவாகப் புலப்படும். எந்நிறம் நன்கு தெரிகிறது என்பதைப் பிள்ளையிடமே கேட்டறிதல் நன்று.

பிறந்த விருப்பத்தை வளர்த்தல்

இலக்குப் புலப்பட்டபின் விருப்பம் துளிர்க்கும். துளிர்த்தது வாடாதிருக்க வேண்டுமே! எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்னும் உளவியலறிஞர் இருவர், 1985ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மனிதனின் உள்ளூக்கத்தை விரிவாக ஆராய்ந்தனர். தானே தெரிவு செய்யும் உரிமை, தன்னால் இயலும் என்னும் உணர்வு, பிறரோடு கொள்ளும் பிணைப்பு ஆகிய மூன்றும் ஊக்கத்திற்கு உரமாகும் என்பது அவர்தம் கொள்கை.

தெரிவுரிமை என்பது, "இன்று கயிற்றில் ஓடுகிறாயா, பந்து உருட்டுகிறாயா, கும்மியில் சேர்கிறாயா?" என்று கேட்பது. உடன் ஓடும் தோழனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அப்பிள்ளைக்கே உரியது.

இயலும் என்னும் உணர்வு, நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுவதனால் வளரும். கயிற்றின் முனையைச் சேர எத்தனை விநாடி ஆயிற்று, பத்து எறிதலில் எத்தனை இலக்கைத் தொட்டன என்பனவற்றை ஓர் ஏட்டில் குறித்து, வாரந்தோறும் பிள்ளைக்குப் படித்துக் காட்டுக. கண்ணுள்ள பிள்ளை தான் வீசிய பந்து சென்ற இடத்தைத் தானே காண்கிறது. ஆசிரியரின் புன்னகையையும் காண்கிறது. பார்வை குன்றிய பிள்ளைக்கு இவ்விரண்டும் எட்டுவதில்லை. ஆதலின் "நன்று" என்பதோடு நிறுத்தாமல், "பந்து கோலின் இடக்கம்பத்தை உரசிச் சென்றது, சென்ற முறையைவிட இரண்டு எட்டு அருகில்" என்று உரைக்க வேண்டும். இச்சிறு விவரம் பரிசுக் கிண்ணத்தினும் பெரிது.

பிணைப்பு என்பது தோழமை. தோழனைத் தாதியாக்கிவிடலாகாது. ஒருவனையே நாள்தோறும் துணைக்கு நிறுத்தினால் அவனுக்கும் சலிப்பு, இவனுக்கும் கூச்சம். வகுப்பினர் அனைவரும் முறைவைத்துத் துணை ஓடப் பழகட்டும். சிறு கயிற்றின் இரு முனைகளை இருவரும் பற்றிக்கொண்டு, இழுக்காமல், எட்டுக்கு எட்டு ஒத்து ஓடுவது தனிக் கலை. அதில் பார்வையுள்ள பிள்ளைக்கும் கற்கப் பல உண்டு. வாரம் ஒரு முறை எல்லாருமே கண்ணைக் கட்டிக்கொண்டு மணிப்பந்து ஆடினால், அன்றைய ஆட்டத்தில் யார் தலைவராவர் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

அமெரிக்காவில் லாரன் லீபர்மன் என்னும் பேராசிரியர், 1996ஆம் ஆண்டு பார்வை குன்றிய பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டு முகாமைத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் என்னும் முறையில் நடக்கும் அம்முகாம், பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது. நம் பள்ளிகளில் அத்தனை பயிற்றுநர் இல்லை. ஆனால் ஒரு வகுப்பு நிறையத் தோழர்கள் இருக்கின்றனர்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள்

சிறப்புத் தேவையுடைய பிள்ளை எதனையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டப்பள்ளியானாலும் தலைநகரப் பள்ளியானாலும், பார்வை குன்றிய பிள்ளை ஒன்று எந்த ஆண்டிலும் நம் வாயிலில் வந்து நிற்கலாம். வகுப்பறையில் முன்வரிசை இருக்கை கொடுத்ததோடு நம் கடமை முடிந்ததாகக் கொள்ளுதல் முறையன்று. திடலிலும் அதற்கோர் இடம் வேண்டும்.

பெற்றோர் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுப்பதற்கு மாறாக, மேசையின்மேல் தட்டி ஒலி எழுப்பி, "இங்கே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்" என்று அழையுங்கள். மாலையில் கோயிலுக்கோ கடைக்கோ செல்லும்பொழுது பிள்ளையைத் தூக்காமல், உங்கள் முழங்கையைப் பற்றி நடக்கவிடுங்கள். படிகளைத் தானே எண்ணி ஏறட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் அடுத்த விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரமும் பரிசும் திட்டமிடும்பொழுது, முப்பது மீட்டர் கயிறும் ஒரு வளையமும் மணிப்பந்து ஒன்றும் பட்டியலில் சேர்ப்பார்களாக. மாணவச் செல்வங்களே! திடலோரத்தில் தனியே அமர்ந்திருக்கும் தோழர் எவரையேனும் கண்டால், அவர் அருகே சென்று, உங்கள் பெயரைச் சொல்லி, "என்ன விளையாடலாம்?" என்று கேளுங்கள். காலணிகளைக் காக்க ஆள் தேவையில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.